பழைய 100-400ஐ விற்று மார்க் 2 வாங்கலாமா?

12 நவம்பர் 2023, கேள்வி

அண்ணா, என்னிடம் கேனான் 80டி கேமரா, கூடவே பழைய 100-400 லென்ஸ், அந்தத் தள்ளி இழுக்கிற மாடல். கும்மிடிப்பூண்டியிலிருந்து ஞாயிறுதோறும் பழவேற்காடு, அண்ணாமலைச்சேரி, சில சமயம் உங்கள் சூளூர்ப்பேட்டைப் பக்கமும் வருகிறேன். பூநாரையை எடுத்தால் சோப்பு நுரை மாதிரி வருகிறது. இறகு என்று ஒன்று தெரிவதே இல்லை. அதே லென்ஸின் புதிய பதிப்பு, மார்க் 2 ஒன்று செகண்ட் ஹேண்டில் வந்திருக்கிறது. மாற்றினால் வித்தியாசம் தெரியுமா, இல்லை காசுக்குப் பிடித்த கேடா?

12 நவம்பர், இரவு

வேண்டாம் தம்பி.

தீபாவளிக்குக் கடையை மூடியிருப்பதால் இன்னும் நாலு வரி. என்னிடமும் அதே பழைய லென்ஸ்தான். 1998இல் வந்த மாடல். நான் 2011இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன், 7டி மார்க் 2 என்ற கேமரா பாடியில் மாட்டி ஓட்டுகிறேன். எனக்கு ஜெராக்ஸ் கடை. எந்தப் பொருளையும் பக்கக் கணக்கில்தான் பார்ப்பேன். பக்கம் இரண்டு ரூபாய். மார்க் 2 செகண்ட் ஹேண்டில் 80,000 சொல்கிறார்கள் என்றால் அது 40,000 பக்கம். அத்தனை பக்கம் நகல் எடுக்க இந்த ஊரில் எத்தனை பிள்ளைகள் ஆதார் கார்டைத் தொலைக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

புதியதும் 400 மி.மீ.தான், வெளிச்சம் வாங்கும் வாயும் அதே எஃப் 5.6தான். பறவை ஒரு அடிகூடப் பக்கத்தில் வராது. ஜூம் வளையம் திருகுகிற மாதிரி ஆகியிருக்கிறது, எடையும் குறைந்திருக்கிறது. அதற்கா இவ்வளவு?

14 நவம்பர்

எடை குறைந்திருக்கிறது என்று எழுதினேன். தவறு. பழையது ஏறக்குறைய 1,380 கிராம், புதியது 1,570, ட்ரைபாடில் வைக்கிற காலையும் மாட்டினால் 1,640. கூடித்தான் இருக்கிறது. ஒருவர் நாசூக்காகச் சுட்டிக்காட்டினார், இன்னொருவர் அவ்வளவு நாசூக்கு இல்லாமல். இருவருக்கும் நன்றி.

"பழையது தூசி பம்பு, இழுக்கும்போதெல்லாம் காற்றோடு மண்ணையும் உறிஞ்சும்" என்று எழுதியவருக்கு: ஜூம் செய்யும்போது நீளுகிற எந்த லென்ஸும் காற்றை இழுக்கத்தான் செய்யும். மார்க் 2வும் நீளும். என்னுடையது 12 வருஷமாக இந்த ஏரிக்கரைப் புழுதியிலேயே கிடக்கிறது. உள்ளே நாலைந்து தூசி இருக்கிறது, படத்தில் ஒன்றும் தெரியாது. பெயர் வைப்பதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள், அவ்வளவுதான்.

19 நவம்பர், ஞாயிறு

தடாவுக்குப் பக்கத்தில் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் மார்க் 2 இருக்கிறது. வாய்ச்சண்டை எதற்கு என்று அதை இன்று இரவல் வாங்கிக்கொண்டு போனேன். சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகிற சாலை ஏரியை இரண்டாகக் கிழித்துக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் தண்ணீர், சேறு, பறவை. அட்டகானித்திப்பாவுக்கு முன்னால் பைக்கை நிறுத்தி, சீட்டில் அரிசிப் பையை வைத்து, அதன்மேல் லென்ஸை வைத்து எடுத்தேன். ஒரே பாடி, ஒரே பூநாரைக் கூட்டம், இரண்டு லென்ஸும் மாற்றி மாற்றி நாற்பது நாற்பது படம்.

வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டும் ஒரே சோப்பு நுரை! சத்தியமாக எது எந்த லென்ஸ் என்று எனக்கே தெரியவில்லை. கோப்புப் பெயரைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அதனால் 12ஆம் தேதி சொன்னதே சரி. நாற்பதாயிரம் பக்கம் மிச்சம்.

மத்தியானம் உலகக் கோப்பை ஃபைனல் மேட்ச் பார்க்க வீட்டுக்கு ஓடி வந்தேன். ஏரியிலேயே இருந்திருக்கலாம்.

20 நவம்பர்

ராத்திரி தூக்கம் வராமல், படங்கள் எடுத்த நேரத்தைப் பார்த்தேன். எல்லாப் படமும் பத்தரையிலிருந்து பதினொன்றேகாலுக்குள். தப்பு அங்கேதான்.

வெயில் ஏறியதும் ஈரச்சேறு சூடாகிறது, அதன்மேல் இருக்கும் காற்றும் சூடாகி மேலே எழும்புகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை ஒரே மாதிரி வளைக்காது. இருநூறு மீட்டர் தள்ளி நிற்கிற பறவைக்கும் நமக்கும் நடுவே ஆயிரம் கோணல் கண்ணாடிகளைத் தொங்கவிட்ட மாதிரி. அதைக் கானல் என்று ரோட்டில் பார்க்கிறோம், ஏரியில் பார்க்க மறந்துவிடுகிறோம். லட்ச ரூபாய் லென்ஸ் வைத்தால் அந்தக் கோணலையே இன்னும் துல்லியமாகக் காட்டும்.

தம்பி, நீங்கள் எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள்? முதல் நாளே இதைக் கேட்டிருக்க வேண்டும். லென்ஸ் என்றதும் லென்ஸைப் பற்றியே பேசிவிட்டேன்.

காருக்குள் ஏசி போட்டுக்கொண்டு கண்ணாடியை இறக்கி எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். உள்ளே குளிர், வெளியே சூடு, ஜன்னலிலேயே காற்று கலங்கும். பத்து நிமிஷம் முன்னாலேயே ஏசியை அணைத்து எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிடுங்கள்.

26 நவம்பர், ஞாயிறு

காலை ஆறேகாலுக்கே போய்விட்டேன். நண்பரின் லென்ஸ் மறுபடியும் இரவல். பி.வி. பாளையத்தில் படகு. கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தவர் எனக்குப் பழக்கம்தான், தெலுங்கும் தமிழும் பாதிப் பாதி பேசுவார். இரண்டு லென்ஸையும் பார்த்துவிட்டு, "எதுக்கன்னா ரெண்டு? ஒரு கண்ணுக்கு ஒண்ணா?" என்றார்.

இப்போது வித்தியாசம் தெரிந்தது. தெரிந்தது என்ன, அறைந்தது. 400இல் எஃப் 5.6 என்று முழுசாகத் திறந்து வைத்தால், மார்க் 2வில் பூநாரையின் கண்ணில் இருக்கும் மஞ்சள் வளையம் தனியாக நிற்கிறது. என்னுடையதில் பால் ஊற்றிய மாதிரி ஒரு மங்கல். பின்னால் இருந்த கோரைப்புல் புதியதில் வெண்ணெய் மாதிரிக் கரைந்துபோகிறது, என்னுடையதில் ஒவ்வொரு புல்லும் இரட்டைக் கோடாக நிற்கிறது. எஃப் 8க்கு வாயைச் சுருக்கினால் பழையது கொஞ்சம் தேறுகிறது. ஆனால் ஆறரை மணி வெளிச்சத்தில் எஃப் 8 எங்கே வைப்பது?

ஆக, 19ஆம் தேதி தீர்ப்பு ரத்து. காசு இருந்தால் மாற்றுங்கள்.

மார்க் 2 2014இல் வந்தது, நடுவில் 16 வருஷம் இருக்கிறது. உள்ளே 17 கண்ணாடி இருந்த இடத்தில் 21. மேல்பூச்சும் புதுசு. வித்தியாசம் வரத்தானே செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

9 டிசம்பர்

மிக்ஜாம் புயல். நாலு நாள் கடை இல்லை, மூன்று நாள் கரண்ட் இல்லை. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, அது போதும். கடையில் கீழ்த்தட்டில் வைத்திருந்த ஏ4 பேப்பர் பண்டல் பதினொன்று ஊறி இட்லி மாவாகிவிட்டது. நான் எந்தப் பக்கக் கணக்கும் இப்போது பேசத் தயாரில்லை.

லென்ஸ், சிலிக்கா ஜெல் போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் பரண்மேல் பத்திரமாக இருந்தது. ஆனால் அந்த ஜெல் எப்போதோ நீலம் போய் ரோஸ் ஆகிவிட்டிருந்தது, நான்தான் பார்க்கவில்லை. முன்கண்ணாடியில் நீராவி படிந்த மாதிரி இருந்தது. துடைத்தால் போகவில்லை. அது முன்னால் மாட்டிய கண்ணாடி ஃபில்டருக்கும் லென்ஸுக்கும் நடுவே இருக்கிறது. 77 மி.மீ. யூவி ஃபில்டர், 2011இல் லென்ஸ் வாங்கிய அன்றே மாட்டியது, அன்றிலிருந்து கழற்றியதே இல்லை. உப்புக் காற்றில் மரை இறுகிப்போயிருந்தது. ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துத் திருகினேன், என் மகன் லென்ஸைப் பிடித்துக்கொண்டான். கால் மணி நேரம் கழித்து 'டக்' என்று வந்தது. உள்ளே பூஞ்சை இல்லை. பெருமூச்சு.

17 டிசம்பர், ஞாயிறு

நவம்பர் 26இல் எழுதியதில் பாதியை அடித்துவிடுங்கள்.

இன்று காலை ஃபில்டர் இல்லாமல் போனேன். மரை தேய்ந்துவிட்டது, திரும்ப மாட்ட முடியவில்லை என்பதுதான் காரணம், ஞானம் ஒன்றும் பிறக்கவில்லை. முதல் படத்தைக் கேமராத் திரையில் பெரிதாக்கியதும் எனக்குச் சந்தேகம், நண்பரின் லென்ஸையா மாட்டியிருக்கிறேன் என்று. நெடுங்கால் உள்ளானின் சிவப்புக் கால் கோடு போட்ட மாதிரி இருக்கிறது. பால் மங்கல் போய்விட்டது. புல்லின் இரட்டைக் கோடும் முக்கால்வாசி போய்விட்டது.

வீட்டுக்கு வந்து சுவரில் தினசரித் தாளை ஒட்டி, ட்ரைபாடில் வைத்து, ஃபில்டரைக் கையால் முன்னால் பிடித்து ஒரு படம், பிடிக்காமல் ஒரு படம் எடுத்தேன். பிடித்தால் எழுத்து கரைகிறது, எடுத்தால் நிற்கிறது. பன்னிரண்டு வருஷம் முந்நூறு ரூபாய்க் கண்ணாடி வழியாக உலகத்தைப் பார்த்திருக்கிறேன்! இந்தப் பழைய லென்ஸுக்கும் யூவி ஃபில்டருக்கும் ஆகாது என்று வெளியூர்க்காரர்கள் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். கடைக்காரர் "பாதுகாப்புக்கு" என்றார், நானும் மாட்டிக்கொண்டேன். பாதுகாப்புக்கு லென்ஸ் முனையில் மாட்டும் ஹூட் என்ற குழல் போதும்.

ட்ரைபாட் என்றதும் இன்னொன்று. பழைய லென்ஸை ட்ரைபாடில் வைத்தால் ஐஎஸ்ஸை, அதாவது கை ஆட்டத்தைத் திருத்துகிற வசதியை, அணைத்துவிட வேண்டும். அதற்குத் தான் ட்ரைபாடில் இருப்பது தெரியாது, இல்லாத ஆட்டத்தைத் திருத்தப் போய்த் தானே ஆடும். அரிசிப் பைக்கும் அணைப்பது நல்லது. 19ஆம் தேதி நான் அணைக்கவில்லை. ஆக அன்றைய சோதனையில் நேரம் தப்பு, ஃபில்டர் தப்பு, ஐஎஸ்ஸும் தப்பு. ஆனால் அன்று புதியதும் அதே நுரைதான் என்பதால் கானல்தான் முதல் குற்றவாளி என்பதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

அரிசிப் பை பற்றிக் கேட்டவருக்கு: இரண்டு கிலோ புழுங்கலரிசி. மூன்று மாதத்தில் வண்டு வரும். வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள், நான் கேட்காமல் எடுத்தேன்.

18 டிசம்பர்

தம்பி, முதலில் செய்ய வேண்டியது: ஃபில்டர் இருந்தால் கழற்றுங்கள். எட்டரைக்குள் எடுத்து முடியுங்கள். அதற்கும் தேறாவிட்டால் உங்கள் 80டியிலேயே ஆட்டோஃபோகஸை நுணுக்கமாகத் திருத்துகிற வசதி இருக்கிறது. ஜூமின் இரண்டு முனைக்கும் தனித்தனியாக எண் வைக்கலாம். 400 பக்கம் என் லென்ஸுக்கு +4 வேண்டியிருந்தது. உங்களுக்கு வேறு ஏதாவது வரும். ஒரு பைசா செலவில்லை.

1 ஜனவரி 2024

காலை 9.10க்கு பிஎஸ்எல்வி-சி58. வருஷத்தின் முதல் நாளே ராக்கெட். எங்கள் மொட்டை மாடியில் தெருவே ஏறி நின்றது. 400இல் வைத்துக் காத்திருந்தேன், தென்னை மரத்துக்கு மேல் நெருப்பு வந்ததும் ஒரே இழுப்பில் 100க்கு வந்து, புகைத்தண்டு முழுவதையும் கட்டத்துக்குள் பிடித்துவிட்டேன். தள்ளி இழுக்கிற லென்ஸின் அழகு அது. பக்கத்தில் நின்ற நண்பர் மார்க் 2வைத் திருகிக்கொண்டே இருந்தார். அவருக்கு வெறும் வானம் கிடைத்தது. புத்தாண்டு வாழ்த்துகள்.

17 ஜனவரி

எங்கள் வீட்டில் காணும் பொங்கல், சுவருக்கு அந்தப் பக்கத்துத் தெலுங்கு வீட்டில் முக்கனுமா. இரண்டு வீட்டாரும் ஒரே வேனில் நேலப்பட்டு பறவைகள் சரணாலயம் போனோம். ஏரிக்குள் நிற்கிற கடப்ப மரங்கள் முழுக்கக் கூழைக்கடா. அவர்கள் வீட்டுப் பாட்டி 'கூடபாது' என்பார், எங்கள் பிள்ளைகளும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பறவைமேல் கல் விழவிட மாட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல், பறவை பார்க்கும் கோபுரத்தில் கூட்டம், ட்ரைபாட் வைக்க இடமில்லை, கையில்தான் பிடித்தாக வேண்டும். சின்ன சென்சார் உள்ள என் பாடியில் 400 மி.மீ. என்பது 640க்குச் சமம். கையில் பிடித்தால் 1/640 வினாடி ஷட்டர் வேகம் வேண்டும் என்பது பழைய கணக்கு. பழைய ஐஎஸ் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் நேரம் இரண்டு மடங்கு) தாங்கும் என்றால் 1/160, புதியது நாலு ஸ்டாப் என்கிறார்கள், அப்படியானால் 1/40. அதெல்லாம் காகிதக் கணக்கு. எனக்கு 54 வயது, வேனில் வந்த இடுப்பு. நான் 1/100இல் கூட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்த கூழைக்கடாவை இரண்டிலும் இருபது இருபது எடுத்தேன். பழையதில் 6 தேறியது. நண்பருடையதில் 16.

ஃபில்டரும் இல்லை, கானலும் இல்லை. இந்தப் பத்துப் படத்துக்குப் பழைய லென்ஸ்மேல் பழி போட்டே ஆக வேண்டும்.

உடனே ஒருவர் "ஐஎஸ்ஓவை (கேமராவின் வெளிச்ச உணர்திறனை) ஏற்றுங்கள்" என்பார். ஏற்றினேன். 3200க்கு மேல் என் பாடியில் கூழைக்கடாவின் கழுத்து மணல்தாள் ஆகிவிடுகிறது. பறக்கிற பறவைக்கு இந்த ஐஎஸ் பேச்சே வேண்டாம், அதற்கு ஷட்டர் வேகம்தான் வேண்டும். உட்கார்ந்ததற்கு மட்டும்தான் இது.

28 ஜனவரி, ஞாயிறு

இன்று பறவையே இல்லை. கால்வாய்க் கரையில் தட்டான் மட்டும் இருந்தது. சிவப்புத் தட்டான் ஒன்று முள்செடி நுனியில் உட்காரும், எழும், அதே நுனிக்குத் திரும்பி வரும். பழைய லென்ஸுக்கு 1.8 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். புதியதில் 0.98 மீட்டர் வரை போகலாம், படத்தில் தட்டானின் அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இவ்வளவு நெருக்கத்தில் 400 என்பது உண்மையில் 400 ஆக நிற்காது, சுருங்கிவிடும். அப்படியிருந்தும் இறக்கை நரம்பை எண்ணலாம் போல இருந்தது. மக்ரோ லென்ஸ் என்று தனியாக ஒன்றைச் சுமக்க வேண்டாம்.

இதைப் பற்றி மூன்று மாதமாக நான் ஒரு வரிகூட எழுதவில்லை. எல்லோரும் தூரத்தைப் பற்றியே கேட்டதால் நானும் தூரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். தூரத்துப் பறவைக்கு இந்த மாற்றம், ஃபில்டரைக் கழற்றிய பிறகு, அரைக்கால் பங்கு. கிட்டத்துப் பூச்சிக்கும் இருட்டு வேளைக்கும்தான் மீதி எல்லாம்.

4 பிப்ரவரி

தம்பி எழுதியிருக்கிறார்: அவருடைய லென்ஸிலும் யூவி ஃபில்டர் இருந்ததாம். கழற்றிவிட்டு ஆறரைக்கு அண்ணாமலைச்சேரி போனாராம், "வேற லென்ஸ் மாதிரி இருக்கு அண்ணா". படத்தைப் பார்த்தேன், பூநாரை எழும்பும் படம், இறக்கையின் கருப்பும் ரோஸும் சுத்தமாக இருக்கிறது. வயது 24, கை கல்லு மாதிரி. அவர் வாங்க வேண்டாம். இதைத்தான் முதல் நாளே சொன்னேன் என்று சொல்லலாம், ஆனால் காரணம் முழுவதும் வேறு.

ஒன்று மட்டும் அவருக்குச் சொல்ல வேண்டும். பின்னாளில் 400ஐ 1.4 மடங்காக்கும் எக்ஸ்டெண்டர் ஆசை வந்தால் நிலைமை மாறும். எஃப் 8 ஆகிவிடும். 80டியில் மார்க் 2வோடு மூன்றாம் பதிப்பு எக்ஸ்டெண்டரை மாட்டினால் 27 புள்ளியில் ஆட்டோஃபோகஸ் கிடைக்கும், பழைய லென்ஸோடு என்றால் நடுப்புள்ளி ஒன்றுதான். என் 7டி மார்க் 2வில் எதை மாட்டினாலும் நடுப்புள்ளிதான், அதனால் எனக்கு அந்த ஆசை இல்லை.

18 பிப்ரவரி, ஞாயிறு

வாங்கிவிட்டேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

நண்பர் மிரர்லெஸ் என்ற புது வகைக் கேமராவுக்கு மாறுகிறார், அதற்கான ஆர்எஃப் 100-500 லென்ஸ் எடுத்துவிட்டார். அடாப்டர் போட்டால் இந்த லென்ஸே புதுப் பாடியில் நன்றாக ஓடும் என்று எவ்வளவோ சொன்னேன், நல்லவேளை கேட்கவில்லை. 78,000 கொடுத்தேன். என் பழையது 31,000க்குப் போனது, ஃபில்டர் இல்லாமல். கைவிட்டுப் போனது 47,000. இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு பக்கம். வீட்டில் பக்கக் கணக்கில்தான் சொல்லியிருக்கிறேன், பெருக்கிப் பார்க்கும் வரை நிம்மதி.

நேற்று சாயங்காலம் 5.35க்கு ஜிஎஸ்எல்வி-எஃப்14. அதே மாடி, அதே தென்னை. 400இல் வைத்துக் காத்திருந்தேன். நெருப்பு வந்ததும் கை தானாக லென்ஸை இழுத்தது. அது திருகுகிற லென்ஸ், ஜூமை இறுக்குகிற வளையத்தை வேறு கெட்டியாக வைத்திருந்தேன். லென்ஸ் நகரவில்லை, நான் நகர்ந்தேன். எனக்கும் வெறும் வானம்தான். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தில் நின்று முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

25 பிப்ரவரி

அந்த இறுக்க வளையத்தைத் தளர்த்தி வைத்தால் ஹூட்டைப் பிடித்து இதையும் தள்ளி இழுக்கலாம். கொஞ்சம் முரட்டுத்தனம்தான், ஆனால் வேலை செய்கிறது. இன்று காலை கருப்புவெள்ளை மீன்கொத்தி பாயும்போது அப்படித்தான் பிடித்தேன்.

ஹூட்டில் ஒரு சின்ன ஜன்னல் எதற்கு என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) மாட்டினால் ஹூட்டைக் கழற்றாமல் விரல் விட்டுத் திருப்புவதற்காம். என்னுடையது பைக்கில் வரும்போது தானாகத் திறந்துகொள்கிறது. கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டேன்.